மாக் யோங்: ஒரு மலாய்க் கூத்தின் தொடக்கம்

மலேசியாவில் பரதமும் நாடகமும் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு,

மாக் யோங் என்பது ஆட்டம், பாட்டு, வசனம், நையாண்டி எல்லாம் ஒரே பந்தலுக்குள் கலந்து வரும் மலாய்க் கூத்து. தீபகற்ப மலேசியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள கிளந்தானும், எல்லைக்கு அப்பால் இன்று தாய்லாந்தில் இருக்கும் பட்டானியும் அதன் தாய்நிலம். திரெங்கானு, கெடா, இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள், வட சுமத்ராவின் செர்டாங் ஆகிய இடங்களிலும் அதன் கிளைகள் வாழ்ந்திருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ மாக் யோங்கை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது அந்த அமைப்பின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அந்தக் காலம் முழுவதும், கூத்து பிறந்த கிளந்தானில் அதைப் பொதுவில் ஆடத் தடை இருந்தது. தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது அதன் பிறப்புதான். அதனால் மாக் யோங் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஆய்வாளர்களோடு நின்றுவிடாமல், வாழும் கலைஞர்களின் பிழைப்பையும் தொட்டுவிட்டது.

பிறப்பைப் பேசுமுன் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும். ஊர்களில் மாக் யோங்குக்கான மேடை, மரக்கால் நட்டு ஓலை வேய்ந்த தற்காலிகப் பந்தல். மூன்று பக்கமும் சனம் உட்காரும்; நான்காவது பக்கம் இசைக்காரர்களுக்கு. காட்சிச் சீலை இல்லை. பாத்திரம் காடு என்று சொன்னால் அது காடு, அரண்மனை என்று சொன்னால் அரண்மனை. தெருக்கூத்துப் பார்த்த கண்ணுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. ஒரு கதை ஓர் இரவில் முடிவதில்லை. இரவுக்கு மூன்று மணிநேரம் என்று அடுத்தடுத்த இரவுகளுக்கு நீளும். எழுதிவைத்த பனுவல் கிடையாது. கதைப்போக்கும் பாட்டும் ஆட்டமும் நெஞ்சில் இருக்கும். வசனம் அந்த நேரத்தில் வாயில் வருவது. பேச்சு கிளந்தான்–பட்டானி வட்டார வழக்கு. அரச பாத்திரங்கள் பேசும்போது மட்டும் அரண்மனை நடை அதில் ஏறிக்கொள்ளும்.

தலைமைப் பாத்திரம் பாக் யோங், அதாவது அரசன் அல்லது இளவரசன். பெரும்பாலும் அவ்வேடத்தை ஏற்பவர் பெண். அரசிக்குப் பெயர் மாக் யோங். கூத்தின் பெயரும் அதுவே. ஆண்கள் ஆடும் முக்கிய வேடம் பெரான் என்ற கோமாளி. பெரான்கள் அரசனின் பணியாட்கள், துணைவர்கள், சமயத்தில் ஆலோசகர்கள். அரசனிடம் யாரும் சொல்ல அஞ்சுவதை அவர்கள் சொல்வார்கள். ஊர்ச் செய்தியையும் இடையில் நுழைப்பார்கள். பாக் யோங்கின் கையில் மூங்கில் கீற்றுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோல் இருக்கும். ‘ரோத்தான் பெராய்’ என்பார்கள். பெரானின் முதுகில் அது விழும்போது வலியைவிடச் சத்தமே பெரிதாக இருக்கும், சனம் சிரிப்பதும் அதற்குத்தான். கட்டியங்காரனை நினைவூட்டும் பாத்திரம் இது. ஆனால் பெரான் கூத்தை நடத்திவைப்பவன் அல்லன், கதைக்குள்ளேயே வாழ்பவன். தாதியர், செவிலியர், பூதங்கள், அரக்கர்கள் என்று மற்றவர்கள் தேவைக்கேற்ப வந்துபோவார்கள்.

இசையில் முதலிடம் ரெபாப்புக்கு. நிமிர்த்தி வைத்து வில்லால் இழைக்கும் இந்தக் கருவிக்கு மூன்று தந்திகள். ஜாவாவில் உள்ள அதன் உறவுக்கு இரண்டு. தாய், பிள்ளை என்று பெயர் பெற்ற இரண்டு கெண்டாங் முழவுகளும், தெத்தாவாக் என்ற இரண்டு தொங்கும் மணித்தட்டுகளும் அதற்குத் துணை. சில குழுக்களில் செருனாய் என்ற நாதக்கருவியும் சேரும். பாடும் குரல் ரெபாப்பின் மேல் அப்படியே படியாமல், அதே மெட்டைத் தன் போக்கில் சற்று முந்தியும் பிந்தியும் வளைத்துச் செல்லும். பழகாத காதுக்கு இருவரும் ஒத்துப்போகவில்லை என்று தோன்றலாம். அந்த விலகல்தான் இந்த இசையின் அழகு.

முதல் இரவின் முதல் ஆட்டத்துக்கு ‘மெங்காடாப் ரெபாப்’ என்று பெயர். ரெபாப்பை நோக்கி அமர்தல் என்பது பொருள். பாக் யோங்கும் மற்றப் பெண்களும் தரையில் அமர்ந்து, ரெபாப் வாசிப்பவரைப் பார்த்தபடி, மிக மெதுவாகக் கைகளை விரித்தும் மடக்கியும் அசைப்பார்கள். உடல் எழும்ப நெடுநேரம் ஆகும். அசைவுகளின் பெயர்கள் காட்டிலும் தோட்டத்திலும் பொறுக்கியவை: அடுக்கிய வெற்றிலை, காற்றில் விளையாடும் கொடி, சுருள் அவிழ்க்கும் மலைப்பாம்பு, பூம்பாளையைத் தள்ளும் மடல். பரதம் பயில்வோர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பரதத்தின் கைமுத்திரைக்கு விநியோகம் உண்டு. ஒரு முத்திரை மலராகும், மானாகும், மறுப்பாகும். மாக் யோங்கின் கையசைவு கதைக்கு எந்தச் சொல்லையும் தருவதில்லை. பாம்பு என்ற பெயருள்ள அசைவு வரும்போது கதையில் பாம்பு இராது. அது வணக்கம், ஆடுபவர் தம்மை அந்த இரவுக்கு ஆயத்தம் செய்துகொள்வது. கை வளைவைக் கண்டவுடன் நாட்டிய சாத்திரத்தைத் தேடிப் போகும் ஆர்வம் இந்த இடத்தில் வழி தவறுகிறது.

கூத்தின் பெயரே ஒரு தடயம். நெல்லின் உயிரைத் தாயாகக் கொண்டாடும் பழைய நம்பிக்கை மலாய் உழவரிடையே இருந்தது. அந்தத் தாய்க்கு ‘மா ஹியாங்’ என்ற பெயர் உண்டென்றும், அதுவே மாக் யோங் என்று திரிந்ததென்றும் ஒரு விளக்கம் நெடுங்காலமாக வழங்குகிறது. ‘ஹியாங்’ என்பது தெய்வத்தையும் ஆவியையும் குறிக்கும் பழைய ஜாவானியச் சொல். இன்னொரு வாய்மொழிக் கதை, கூத்தைத் தொடங்கிவைத்தது ஸெமார் என்கிறது. ஜாவா நிழற்கூத்தில் ஸெமார் கோமாளி உருவில் திரியும் தெய்வம். பட்டத்துக்குரிய தேவர்களைவிட மூத்தவன் என்று மதிக்கப்படுபவன். இவ்விரு கதைகளும் வரலாறாக நிற்கமாட்டா. ஆனால் ஒன்று வயலையும் மற்றொன்று கோமாளியையும் தொடக்கமாகச் சொல்வது கவனிக்கத்தக்கது. அரசனையோ அரண்மனையோ தொடக்கப் புள்ளியாக அவை வைக்கவில்லை.

இந்தத் தடயத்துக்கு வலுச் சேர்ப்பது நோய்தீர்க்கும் சடங்கு. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ‘மாயின் புத்ரி’ என்ற சடங்கு உண்டு. தோக் புத்ரி என்பவர் ஆவேசம் கொண்டு ஆவிகளின் குரலில் பேசுவார். தோக் மிண்டோக் என்பவர் ரெபாப் இழைத்தபடி அந்த ஆவிகளிடம் கேள்வி கேட்டு, பேரம் பேசி, சமாதானம் செய்வார். அதே ரெபாப், அதே முழவு, அதே மணித்தட்டு. இரண்டும் இணைந்த இரவுகளும் உண்டு: கூத்து நடந்துகொண்டே இருக்கும், நடுவில் நோயாளி எழுந்து ஆடுவார்.

சடங்கின் அடிப்படை ‘ஆங்கின்’ என்ற கருத்து. மலாயில் ஆங்கின் என்றால் காற்று. மனிதனுக்குள் பிறவியிலேயே ஒரு காற்று உண்டு. அவனுடைய விருப்பம், திறமை, குணம் எல்லாம் அதுதான். ஆடப் பிறந்தவன் ஆடாமல் போனால், அரசனைப்போல் மதிக்கப்பட வேண்டிய குணமுள்ளவன் யாராலும் மதிக்கப்படாமல் போனால், உள்ளே அடைபட்ட காற்று நோயாக மாறும். மருந்து என்ன? அந்தக் காற்றுக்கு உரிய பாத்திரத்தை ஓர் இரவு அவனே ஏற்று ஆடுவது. மாக் யோங்கின் தலைமைக் கதாநாயகனான தேவா மூடாவின் பெயரால் ஓர் ஆங்கினே உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் கேரல் லேடர்மன் திரெங்கானுவில் இருந்து இந்தச் சடங்குகளைக் கவனித்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கின் பற்றிய நுட்பமான விளக்கம் அதில் கிடைக்கிறது. சாமியாட்டத்தோடு இதை ஒப்பிட மனம் போகும். ஒப்பிடலாம், ஆனால் சாமியாட்டத்தில் தெய்வம் வெளியிலிருந்து இறங்குகிறது, இங்கே பேசுவதோ மனிதனுக்குள் பிறந்த காற்று.

கேளிக்கைக்காக ஆடும்போதும் சடங்கின் நிழல் விலகுவதில்லை. பந்தலைத் திறக்கும்போது மஞ்சள் புட்டரிசிச் சோறு, நெற்பொரி, முட்டை, வெற்றிலை வைத்துப் படைப்பார்கள். ஓதப்படும் மொழியில் மண்ணின் ஆவிகளும் சிவனைக் குறிக்கும் பத்தாரா குருவும் இசுலாமிய நபிமாரும் ஒரே மூச்சில் அழைக்கப்படுவது பழைய மலாய் மந்திரங்களின் வழக்கம். காலனிய அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1925இல் மலாய் மந்திர மரபு பற்றி எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பே ஆவியாடி, சைவர், சூஃபி என்ற மூன்று சொற்களைக் கோத்தது. மாக் யோங்கின் அடுக்குகளைச் சொல்லவும் அந்த மூன்று சொற்கள் பெருமளவு போதும். மூன்றில் அடியில் இருப்பது முதலாவது.

அரண்மனையே மூலம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று பட்டானியிலிருந்து வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டிலும் பட்டானியை அடுத்தடுத்து நான்கு அரசிகள் ஆண்டனர்: பச்சை, நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறங்களால் பெயர் பெற்றவர்கள். சீனரும் ஜப்பானியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கூடிய துறைமுகம் அது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘குளோப்’ கப்பலில் வந்த டச்சு வணிகர் பீட்டர் ஃபுளோரிஸ், 1613இல் பச்சை அரசியான ராஜா ஹிஜாவ் முன்னிலையில் நடந்த ஒரு நாடகத்தைத் தம் குறிப்பேட்டில் பதிவுசெய்தார். நடித்தவர் அனைவரும் பெண்கள். ஆட்டம் ஜாவா பாணியில் இருந்தது என்கிறார்.

பெண்கள் மட்டுமே நடித்த அரண்மனை நாடகம் என்பது மாக் யோங்கை உடனே நினைவுக்குக் கொண்டுவருகிறது. எனினும் ஃபுளோரிஸ் அப்பெயரைச் சொல்லவில்லை. ஜாவாவின் ஆட்டத்தையே அவர் சொன்னதாகவும் கொள்ளலாம். அந்தக் குறிப்பு நிறுவுவது, அக்கடற்கரையில் 400 ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆடிய நாடக மரபு அரசவையில் இருந்தது என்பதை மட்டும். அது கிராமத்திலிருந்து அரண்மனைக்குப் போனதா, அரண்மனையிலிருந்து கிராமத்துக்கு இறங்கியதா என்பதற்கு அதில் விடையில்லை. சடங்குத் தொடர்பின் ஆழத்தைப் பார்த்தால் முதல் திசையே பொருந்துகிறது: நோய் தீர்க்கும் ஆட்டத்துக்கு அரசன் பட்டாடை உடுத்தலாம், அரசவை விருந்தாட்டம் குடிசைக்குப் போய் வைத்தியமாவது கடினம். கிளந்தான் மாக் யோங்கின் அமைப்பை ஆராய்ந்து ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1976இல் முனைவர் பட்டம் பெற்ற குலாம் சர்வார் யூசுஃப், மாக் யோங்கை ஆவி நம்பிக்கையோடும் சடங்கோடும் பிணைந்த மரபாகவே விளக்கினார்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தெற்குத் தாய்லாந்தின் நோரா என்ற ஆட்டக்கூத்து மாக் யோங்குக்கு அடுத்த வீடு. நோராவின் மூலக்கதையில் மனோரா என்ற கின்னரப் பெண்ணைப் பிடிக்கும் வேடன் வருகிறான். தாய் மொழியில் வேடனுக்கு ‘ப்ரான்’ என்று பெயர், முகமூடி அணிந்து சிரிக்கவைப்பவன் அவன்தான். மாக் யோங்கின் பெரான் என்ற பெயர் இதற்கு மிக நெருக்கமாக ஒலிக்கிறது. கிளந்தானில் முகமூடி இல்லை. ரியாவ் தீவுகளின் மாக் யோங்கில் சில பாத்திரங்கள் முகமூடி அணிகின்றன. யார் யாருக்குக் கொடுத்தார் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, மலாயும் தாயும் கலந்து பேசிய ஒரே கடற்கரையில் கோமாளிகள் எல்லை பார்க்காமல் நடமாடினார்கள் என்று கொள்வதே சரி. எல்லை மிகப் பிந்தியது. சயாம் 1786இல் பட்டானியை வென்றபின் மக்கள் கிளந்தான் பக்கம் பெயர்ந்தனர். 1909இல் பிரிட்டனும் சயாமும் செய்த உடன்படிக்கைதான் கிளந்தானை ஒரு பக்கமும் பட்டானியை மறுபக்கமும் நிறுத்தியது.

இனி, தமிழ் மாணவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி: இதில் இந்தியாவின் பங்கு என்ன? சோழரின் பங்கு உண்டா? முதலாம் ராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டு, கடாரத்தோடு இலங்காசோகம் என்ற ஊரையும் பட்டியலிடுகிறது. அது லங்காசுகா என்ற பழைய அரசு. அதன் மையம் பட்டானிப் பகுதியில் இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே மாக் யோங்கின் தாய்நிலம் தமிழ்க் கல்வெட்டில் இடம்பெற்ற நிலந்தான். ஆனால் படையெடுப்பு வேறு, கூத்து வேறு. சோழர் வழியாக ஓர் ஆட்டமுறை அங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்ட ஒரு வரிச் சான்றும் இல்லை. மலாயில் கப்பல் ‘காப்பால்’ என்றும் கடை ‘கெடாய்’ என்றும் வழங்குவது தமிழ் வணிகர் விட்டுச்சென்ற தடம். மாக் யோங்கின் கலைச்சொற்களில் அத்தகைய தடம் தென்படவில்லை. அங்கே காணப்படும் தேவா, இந்திரா, ராஜா, புத்ரி, சக்தி, குரு முதலியவை வடமொழிச் சொற்கள். சைவமும் பௌத்தமும் செழித்த ஸ்ரீவிஜய, ஜாவா உலகத்தில் பல நூற்றாண்டுகள் புழங்கி மலாயாகவே ஆகிவிட்டவை. ரெபாப்பின் பெயரோ அரபு. பெயர் போன வழியே பொருளும் போயிருக்கும் என்று முடிவுகட்டினால், ‘மேசை’ என்று சொல்லும் தமிழர் எல்லாரும் போர்த்துக்கீசியரிடம் தச்சுவேலை கற்றவர்களாகிவிடுவர்.

கதைகளே இதற்குச் சரியான சோதனை. கிளந்தானின் நிழற்கூத்தான வாயாங் கூலிட் இராமாயணத்தை அடித்தளமாகக் கொண்டது; இராமனும் சீதையும் அனுமனும் அங்கே மலாய்ப் பேச்சில் வாழ்கிறார்கள். மாக் யோங்கோ அதே ஊரில், பல சமயம் அதே இசைக்காரர்களோடு வளர்ந்தும், இராமாயணத்தையோ பாரதத்தையோ தன் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் மூலக்கதைகள் 12 என்று எண்ணப்படுகின்றன: தேவா மூடா, தேவா பெச்சில், தேவா சக்தி, ராஜா தாங்காய் ஹாத்தி, காடிங் பெர்திமாங், எண்டெங் தெஜெலி முதலியன. வேறெந்த ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. அந்த நிலத்தின் வாய்க்கதைகள். தேவா மூடா கதையில் இளவரசன் கனவின் ஏவலால் பொன்மானைத் தேடிக் காட்டுக்குப் போகிறான், வழிதவறுகிறான், வானுலகப் பெண்ணான ரத்னா மாஸ் மேல் காதல் கொள்கிறான். பொன்மான் என்றதும் தமிழ்க் காதில் மாரீசன் பெயர் கேட்கும். ஆனால் இந்த மான் ‘கிஜாங்’, தமிழில் கேளையாடு என்று சொல்லும் சிறுமான். கிளந்தான், பட்டானிப் பழம் பொற்காசுகளுக்கே கிஜாங் என்றுதான் பெயர். கிளந்தானின் அரசுச் சின்னத்தில் இன்றும் இரண்டு கிஜாங் நிற்கின்றன. இந்த மானுக்குத் தாய்வீடு அயோத்தி வழியில் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக் யோங் உண்மையிலேயே அரண்மனையின் நிழலுக்கு வந்தது. கிளந்தான் அரச குடும்பத்தைச் சேர்ந்த லோங் அப்துல் கஃபார், கோத்தா பாருவில் கம்போங் தெமெங்கோங் என்ற குடியிருப்பை அமைத்துக் கலைஞர்களைப் பேணினார். உடை சீரானது, ஆட்டம் மெருகேறியது. அழகிய பெண்களே பாக் யோங் வேடம் ஏற்பது அங்கேதான் நிலைபெற்றது என்பது ஒரு கருத்து. அரசரின் ஆதரவு 1920களோடு தளர்ந்தது. பிறகு சீட்டு விற்று ஊர் ஊராகச் சென்ற குழுக்கள், பங்சாவான் நாடகத்தோடும் பின்னர் திரைப்படத்தோடும் போட்டியிட்டுத் தேய்ந்தன. 1970களில் கதீஜா அவாங் தலைமையில் எழுந்த ஸ்ரீ தெமெங்கோங் குழு, பழைய குடியிருப்பின் பெயரையே தாங்கி மாக் யோங்கைக் கோலாலம்பூர் மேடைகளுக்குக் கொண்டுவந்தது. அவர் 1999இல் தேசியக் கலைஞர் விருது பெற்றார், 2000இல் காலமானார். இன்று மாணவர் பலர் மேடையில் காணும் மாக் யோங் இந்த அரண்மனை மெருகின் வாரிசு. இரண்டு மணிநேரத்துக்குள் அடங்கும், விளக்கொளியில் மின்னும். அதைப் பார்த்து மாக் யோங்கின் பிறப்பை ஊகிப்பது, சபா மேடைக் கச்சேரியைப் பார்த்துச் சதிரின் பிறப்பை ஊகிப்பதற்குச் சமம்.

1990இல் பாஸ் கட்சி கிளந்தானில் ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மாக் யோங்குக்குத் தடை வந்தது. 1998இல் இயற்றப்பட்ட பொழுதுபோக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை உறுதிசெய்தது. இசுலாத்துக்கு முந்திய வழிபாட்டுக் கூறுகள், ஆவி அழைப்பு, ஆண்கள் முன் பெண்கள் ஆடுவது ஆகியவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆய்வாளர்கள் மாக் யோங்கின் பழமைக்குச் சான்றாகக் காட்டிய அதே படையலும் மந்திரமும் இங்கே குற்றப்பத்திரிகையாயின. எதிர்த்தரப்பில் சிலர், இது வெறும் அரண்மனைக் கலை, சடங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வாதாடிக் கூத்தைக் காப்பாற்ற முனைந்தனர். நல்ல நோக்கம்தான், ஆனால் அது வேரை வெட்டி மரத்தைக் காப்பாற்றும் வாதம்.

ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளர் கரீமா பெனூன் 2017இல் மலேசியா வந்தபோது தடையை நீக்கும்படி கேட்டார். 2019இல் கிளந்தான் அரசு தடையை நீக்கியது. ஆட்டம் ஷரியாவுக்கு ஒத்திருக்க வேண்டும், உடை அதற்கேற்ப அமைய வேண்டும், வழிபாட்டுக் கூறுகள் இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். இடைப்பட்ட ஆண்டுகளில் கூத்து முற்றாக ஓயவில்லை. கோலாலம்பூரில் 1994இல் தொடங்கிய தேசியக் கலைக்கழகம், இன்று அஸ்வாரா என வழங்குவது, அதைப் பாடமாகக் கற்பித்தது. எடின் கூ 2002இல் நிறுவிய புசாக்கா என்ற அமைப்பு கிளந்தான் ஊர்க் கலைஞர்களோடு சேர்ந்து நின்றது. கிளந்தானின் உட்கிராமங்களில், நோயாளிக்காக என்ற பெயரில் அந்த இரவுகள் அரவமில்லாமல் நடந்தன: முற்றத்தில் ஒரு பந்தல், தட்டில் மஞ்சள் சோறும் பொரியும், மூன்று தந்தி ரெபாப், அதை நோக்கித் தரையில் அமர்ந்த பெண்கள்.